பகல் தூக்கத்துக்கு ஒரு திரை

மாலை ஐந்தரை மணி. செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. தூங்கி எழுந்த ரீனா விளக்கைப் போட்டுவிட்டுப் பீரோவைத் திறந்தாள். மூன்று தட்டுகளிலும் துணிகள் கலைந்து கிடந்தன. கீழ்த்தட்டில் பட்டுப்புடவைக்கு அடியில் அவள் வைத்திருந்த சிவப்பு ஃபைல் இல்லை. அதன்மேல் தங்கச் சங்கிலி போட்டு வைத்திருந்த சின்னப் பையும் இல்லை.

சங்கிலி போனது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. ஃபைலில் பாஸ்போர்ட் இருந்தது. நர்சிங் படிப்பின் அசல் சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளை வேலைக்கு எடுத்திருந்தது. நாளை மறுநாள் காலை விசா அலுவலகத்தில் அவள் நேரில் போய் நிற்க வேண்டும். இந்தத் தேதி தவறினால் அடுத்தது எப்போது கிடைக்கும், அதுவரை அந்த வேலை காத்திருக்குமா என்று சொல்ல ஆளில்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். சமையலறை அலமாரியில் பார்த்தாள். மறுபடி பீரோவுக்கே வந்து நின்றாள். பிறகுதான் கணவன் ஜெப்ரிக்குப் போன் செய்தாள். குர்லாவில் ஒரு கோடவுனில் அவனுக்கு வேலை. அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தான்.

"வீட்டுச் சாவி வெளியாள்னா ஆறுமுகத்தாய்கிட்டதான் இருக்கு" என்றான். "வேற யாரு வருவா?"

ஆறுமுகத்தாய் தாராவியிலிருந்து பஸ்ஸில் வந்து சமைத்துவிட்டுப் போகிறவள். ரீனா இரவு டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவதால், கதவைத் தட்டாமல் உள்ளே வர அவளிடம் ஒரு சாவி கொடுத்திருந்தார்கள்.

ரீனா கொடுத்த புகாரின்பேரில் ஏழு மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் கலைச்செல்வி வந்தாள். அவளுக்கும் மூன்று வாரமாக இரவு டியூட்டி. மாட்டுங்காவில் அவள் வாடகைக்கு இருந்த அறையின் ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்துத் தகரக் கூரை. காலை ஒன்பதுக்கெல்லாம் அதில் பட்ட வெயில் நேராக அவள் தலையணையில் விழும். கண் எரிச்சலோடுதான் வேலைக்கு வருவாள், கண் எரிச்சலோடுதான் திரும்புவாள். அன்றும் அப்படித்தான் வந்திருந்தாள்.

வாசல் பூட்டைப் பார்த்தாள். உடைக்கவில்லை. படுக்கையறைக்குள் போனாள். சின்ன அறை. கட்டில், பீரோ, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கண்ணாடி. ஜன்னலை விளிம்பு விடாமல் வெள்ளையாய் ஒரு கனத்த துணி மூடியிருந்தது. இரும்புச் சட்டத்தோடு அதை வட்டக் காந்தங்கள் வரிசையாகப் பிடித்துக்கொண்டிருந்தன. வெளியே தெருவிளக்கு எரிந்தும் ஒரு கோடு வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. கலைச்செல்விக்குப் பொறாமையாக இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே ஒரு சோப்பு டப்பா மூடியில் இரண்டு தங்கக் கம்மல்கள் கிடந்தன.

"இது உங்களுதா?"

"ஆமா மேடம். டியூட்டிக்குப் போகும்போது கழட்டி வச்சது. நேத்துலருந்து அங்கதான் கிடக்கு."

கலைச்செல்வி தரையில் குனிந்து பார்த்தாள். பீரோவின் கால் ஒன்றில், தரையை ஒட்டி, ஒரு வட்டக் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதை நீங்கதான் இங்க வச்சீங்களா?"

"இல்லையே. எல்லாத்தையும் ஜன்னல்லதான் வச்சேன்."

"எப்ப?"

"நேத்து சாயந்திரம். டியூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னால."

"பீரோ சாவி?"

"பீரோவுலயே தொங்கும்."

"ஃபைல் கீழ்த்தட்டுல இருந்தது யாருக்குத் தெரியும்?"

ரீனா தயங்கினாள். "போன வாரம்தான் மேல இருந்து கீழ மாத்தினேன். அப்ப ஆறுமுகத்தாய் அக்கா துணி மடிச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க. அவங்க பாத்தாங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"சொல்லல."

ஜெப்ரி ஹாலில் நின்றிருந்தான். கலைச்செல்வி அவனிடம் திரும்பினாள்.

"காலைல எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ஒன்பது இருக்கும். வேலையிலதான் இருந்தேன். இவ கூப்பிட்டதும் வந்தேன்."

"நடுவுல?"

"எங்கயும் போகல. என் போன் லொகேஷன் பாத்துக்கோங்க மேடம், நாள் பூரா குர்லாதான் காட்டும்."

"ரீனா, நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"எப்பவும் காலைல ஒன்பதுக்குள்ள வந்துடுவேன். இன்னைக்கு ஆஸ்பத்திரில தீயணைப்புப் பயிற்சின்னு மதியம் வரைக்கும் உட்கார வச்சுட்டாங்க. முந்தின நாளே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வரும்போது ஒரு மணி. அக்கா சமையல் முடிச்சுட்டுக் கிளம்பிட்டு இருந்தாங்க. ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுத்துட்டேன்."

"விளக்குப் போட்டீங்களா?"

"இல்ல மேடம். கும்மிருட்டா இருந்துச்சு, அதுவே போதும்னு விழுந்துட்டேன். ஆனா நினைச்ச மாதிரி இல்ல. ரூம் அனலா இருந்துச்சு. வேர்த்து ஊத்துச்சு."

"வர லேட்டாகும்னு வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"நேத்தே சொன்னேன். இன்னைக்குப் பதினொண்ணு வாக்குல ரெண்டு தடவை கூப்பிட்டேன், வரும்போது பால் வாங்கணுமான்னு கேக்க. எடுக்கல."

"லோடிங்ல இருந்தேன்" என்றான் ஜெப்ரி. "போன் மேஜை மேல கிடந்துச்சு."

ஸ்டேஷனிலிருந்த இன்ஸ்பெக்டர் ஷிர்கே போனில் எல்லாவற்றையும் கேட்டார். மராத்தியில் சுருக்கமாகச் சொன்னார்: சாவி அந்தச் சமையல்காரியிடம், இடமும் அவளுக்குத் தெரியும், இனி என்ன விசாரணை, கூட்டி வா.

"பொழுது சாஞ்சுடுச்சு சார். பொம்பளைய இப்பக் கைது பண்ண முடியாது."

"அப்போ காலையில்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை டியூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில் கலைச்செல்வி காவல் நிலைய பெஞ்சில் ஆறுமுகத்தாயைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுச் சேலையோடு வந்திருந்தாள். தலை வாரியிருக்கவில்லை. விடிந்ததும் ஷிர்கே தாராவிக்கு ஜீப் அனுப்பியிருந்தார்.

"குழாயடியில நிக்கேன் மேடம்" என்றாள் ஆறுமுகத்தாய். "அம்புட்டுப் பேரும் பாக்க ஜீப்புல ஏத்திட்டாவ. எம்மவ ஸ்கூலுக்குக் கிளம்பிட்டு இருந்தா. அவளும் பாத்தா."

"நேத்து எப்ப வேலைக்கு வந்தீங்க?"

"பத்து மணிக்கு முந்தியே வந்துட்டேன். முதல்ல கீழ வீட்டுல பானுமதி அம்மா வீட்டுக்குத்தான் போவேன். நேத்து கரண்டு பந்த். மோட்டர் ஓடல, குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. பாத்திரம் கெடக்கு. அந்தம்மா, கரண்டு வரட்டும், உக்காருன்னுட்டா. கீரைய ஆஞ்சு குடுத்துட்டு அங்கனயே உக்காந்திருந்தேன். பன்னெண்டுக்குக் கரண்டு வந்திச்சு. பாத்திரத்தக் கழுவிப் போட்டுட்டு மேல போனேன்."

"மேல என்ன பண்ணுனீங்க?"

"சோறு, கொழம்பு, தொவையல் அரைச்சேன். பெறவு ரீனாம்மா வந்துட்டா."

"படுக்கையறைக்குள்ள போனீங்களா?"

"போவல. எனக்கு எதுக்கு மேடம் அந்த ஃபைலு? எனக்கு எழுத்தே தெரியாது. அந்தப் பிள்ளை ஊருக்குப் போவணும்னு தூங்காமக் கெடந்து படிச்சத நான் பாத்திருக்கேன்."

ஷிர்கே உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கலைச்செல்வி அவர் மேஜைக்குப் போனாள்.

"சார், இடம் தெரிஞ்சவ மூணு தட்டையும் ஏன் கலைக்கணும்? நேரா கீழ்த்தட்டுல கைய விட்டு எடுத்திருப்பா."

"போலீஸைக் குழப்பக் கலைத்திருப்பாள். கரண்ட் வந்த பிறகு அவள் மேலே தனியாக இருந்தாள், இல்லையா? அது போதும். நீ போய்த் தூங்கு."

தூங்கு என்ற சொல்தான் கலைச்செல்வியைக் கடுப்பாக்கியது. அந்த வெளிச்ச அறைக்குப் போய்ப் புரண்டுகொண்டு கிடப்பதைவிட செம்பூருக்குப் போவது மேல் என்று பட்டது. அவள் போனபோது ஜெப்ரி வேலைக்குப் போய்விட்டிருந்தான். ரீனா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரவு டியூட்டிக்கும் போகவில்லை, தூங்கவும் இல்லை. முகம் வீங்கியிருந்தது.

"டூப்ளிகேட் பாஸ்போர்ட்டுக்கு நாளாகும்னு சொல்றாங்க மேடம். சான்றிதழுக்கு ஊருக்கே போய் நிக்கணுமாம்."

கலைச்செல்வி அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே அக்டோபர் வெயில் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு. களைப்பில் அவள் வாய் தன்பாட்டில் கேட்டது.

"இந்தத் திரை எங்க வாங்கினீங்க? எனக்கும் இதே கஷ்டம்தான்."

ரீனா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். அப்புறம், வேறு எதையாவது பேசக் கிடைத்ததே என்பதுபோலப் பேச ஆரம்பித்தாள்.

"ஆறு மாசம் அலைஞ்சேன் மேடம். முதல்ல கனமான கர்ட்டன் போட்டேன். ரெண்டு ஓரத்துலயும் வெயில் கத்தி மாதிரி வரும். மாட்டுங்கால ஒரு கடைல ரோலர் பிளைண்டு பாத்தேன். அருமையா இருந்துச்சு. ஆனா சுவத்துல ஓட்டை போடணும். பானுமதி ஆன்ட்டி, ஆணி ஒண்ணு அடிச்சாலும் டெபாசிட்ல கழிப்பேன்னுட்டாங்க. அப்புறம் கண்ணாடில ஒட்டற ரப்பர் கப் வச்ச ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். வெயில் ஏறினதும் கப்பு ஒவ்வொண்ணா விட்டுடும். ஒருநாள் தூக்கத்துல மூஞ்சி மேலயே விழுந்துச்சு."

"அலுமினியம் பேப்பர் ஒட்டிப் பாத்தீங்களா? நான் ஒட்டினேன்."

"நானும்தான். தெருவுலருந்து பாத்தா கோடவுன் மாதிரி இருக்குன்னு ஆன்ட்டி அன்னைக்கே பிரிக்கச் சொல்லிட்டாங்க. கண்ணுக்கு மாஸ்க் போட்டேன். வேர்வைல இமையெல்லாம் புண்ணாயிடுச்சு. இவர்கிட்ட சொன்னா, எல்லாரும் தூங்கலையா, உனக்கு மட்டும் என்னன்னு கேப்பார். இவருக்கு வெளிச்சத்துலயும் தூக்கம் வரும். ஹால்ல டிவி முன்னாலதான் படுப்பார், இந்த ரூமுக்கு அதிகம் வரவே மாட்டார். ஐ.சி.யு.வுல ஒரு நாள் ராத்திரி மருந்தளவு தப்பா எடுத்துட்டேன். பக்கத்துல நின்ன சிஸ்டர் பாத்துக் கையப் பிடிச்சுட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்."

"அப்புறம்?"

"ஆறுமுகத்தாய் அக்காதான் வழி சொன்னாங்க. அவங்க சந்துல முகம்மது ஹனீப்னு ஒருத்தர் ஓட்டல்களுக்குத் திரை தைக்கிறார். அவர்கிட்ட மீந்துபோன துண்டு கிடைக்கும்னாங்க. கடை விலையில கால்வாசிகூட இல்ல. ஜன்னல் சட்டம் இரும்புதானே, காந்தம் வச்சாப் போதும், ஓட்டையும் வேணாம் பசையும் வேணாம்னு ஹனீப் பாய்தான் யோசனை சொன்னார். துணி நேவி ப்ளூ. பின்னால ரப்பர் மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு. ரப்பர் பக்கம் கட்டாயம் வெளிய பாக்கணும்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினார். வெள்ளை வெயிலத் திருப்பி அனுப்பிடும், மாத்திப் போட்டா இருட்டா இருக்கும், ஆனா ரூம் அடுப்பாயிடும்னார். ஏறி நின்னு நானே போட்டேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஃபோட்டோ எடுத்து ஃபிரெண்டுக்கெல்லாம் அனுப்பினேன்."

கலைச்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"ஃபோட்டோவக் காட்டுங்க."

ரீனா போனைக் கொடுத்தாள். படத்தில் ஜன்னல் முழுக்கக் கரு நீலம். கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஜன்னல் முழுக்க வெள்ளை. துணியைத் தொட்டாள். விரலில் ரப்பர் வழுவழுத்தது.

"மாட்டினதுக்கு அப்புறம் இதைக் கழட்டினீங்களா?"

"இல்ல மேடம்" என்று திரும்பிய ரீனா அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள். "இது மாறிக் கிடக்கு. நான் இப்படிப் போடல."

கலைச்செல்வி துணியின் மேல் ஓரத்தில் ஒரு காந்தத்தைப் பிடுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. மூலையில் இன்னும் இரண்டை எடுத்தாள். துணியின் கனம் மற்ற காந்தங்களை இழுத்துக்கொண்டு மொத்தமாகச் சரிந்து விழுந்தது. காந்தங்கள் தரையில் உருண்டன. ஒன்று கட்டில் காலில் போய் ஒட்டிக்கொண்டது. அறை வெளிச்சத்தில் நிறைந்தது.

இருவரும் கண் கூச நின்றார்கள்.

"நீங்க இங்கயே இருங்க" என்றாள் கலைச்செல்வி. "வீட்டுக்காரருக்குப் போன் பண்ண வேண்டாம்."

கீழே பானுமதி வாசலிலேயே நின்றிருந்தாள். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், மேல் வீட்டுக்குச் சொந்தக்காரி. அந்த வீட்டுக்கு ஒரு சாவி அவளிடமும் இருந்தது.

"ஆறுமுகத்தாய் நேத்து எப்ப உங்க வீட்டுக்கு வந்தாங்க?" என்று கலைச்செல்வி கேட்டாள்.

"கரண்ட் போனப்பவே வந்துட்டா. ஒன்பதரைக்கு டிரான்ஸ்ஃபார்மர்ல ஏதோ வெடிச்சுது, முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. பன்னெண்டு வரைக்கும் இல்ல. அதுவரைக்கும் என் கண் முன்னால இந்தக் கிச்சன்லதான் உட்கார்ந்திருந்தா. நான் அவளை எழுந்திருக்கவே விடல, பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா?"

"நேத்தே ஏன் சொல்லல?"

"யாரும் கேட்கல. அதுக்கப்புறம் அவ மேலதானே போனா. மேல என்ன நடந்துதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

கலைச்செல்வி செம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தாள். குர்லா அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம். கோடவுனில் சூப்பர்வைசர் ஜமாலை வெளியே கூப்பிட்டுப் பேசினாள். கால் மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. அவள் திரும்பும்போது ஜெப்ரியும் உடன் வந்தான். கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

காவல் நிலையத்தில் மதியம் எல்லோரும் ஷிர்கேயின் அறையில் இருந்தார்கள். ரீனாவை ஒரு கான்ஸ்டபிள் கூட்டி வந்திருந்தாள். ஆறுமுகத்தாய் கதவோரமாக நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், ஜன்னல் திரையை யாரோ கழட்டி மறுபடி மாட்டியிருக்காங்க" என்று கலைச்செல்வி ஆரம்பித்தாள். "முந்தின நாள் ஃபோட்டோவுல நீலம் உள்ள இருக்கு. திருட்டுக்கு அப்புறம் வெள்ளை உள்ள இருக்கு. நேத்து ரூம் ஏன் அனலா இருந்துச்சுன்னா நீலப் பக்கம் வெயிலக் குடிச்சுட்டு இருந்துச்சு. கழட்டும்போது துணி மொத்தமா விழுந்து, காந்தம் ஒண்ணு பீரோக் கால்ல போய் ஒட்டிக்கிச்சு. அதைக் கழட்டினவர் கவனிக்கல. நானும் நேத்து வெள்ளையப் பாத்துட்டு, வெள்ளைத் திரைன்னே நினைச்சுட்டேன்."

"சரி, கழட்டினாள். அதனால்?"

"ஏன் கழட்டணும் சார்? அந்த ரூம்ல சுவிட்சு கதவுக்குப் பக்கத்துல இருக்கு. தட்டினா டியூப்லைட் எரியும். திருட வந்தவன் ஜன்னலத் திறந்து போட்டு, தெருவுக்கே ரூமக் காட்டிக்கிட்டா தேடுவான்?"

ஷிர்கே ரீனாவின் போனை வாங்கி ஃபோட்டோவைப் பார்த்தார்.

"சுவிட்சைத் தட்டியும் எரியல. அதனால கழட்டினான். அப்படின்னா திருட்டு நடந்தது கரண்ட் இல்லாத நேரத்துல, ஒன்பதரைக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல. அந்த நேரம் முழுக்க ஆறுமுகத்தாய் பானுமதி அம்மா கிச்சன்ல உட்கார்ந்திருந்தாங்க. மேல போனது கரண்ட் வந்த பிறகு. துவையல் மிக்சியிலதான் அரைச்சாங்க."

கதவோரத்தில் ஆறுமுகத்தாய் மூச்சை இழுத்துவிட்டது அறைக்கே கேட்டது.

"மொபைல் டார்ச் இருக்கே?" என்றார் ஷிர்கே. "கரண்ட் இல்லாவிட்டால் எவனும் முதலில் அதைத்தானே எடுப்பான்?"

"அதான் சார் கேள்வி. இன்னைக்கு இந்த ஊர்ல கையில போன் இல்லாம நடக்கிறவன் யாரு? பிச்சை எடுக்கிறவர்கிட்டயும் இருக்கு. போன் கையில இல்லாம வந்தவன்னா, வேணும்னே எங்கயோ விட்டுட்டு வந்தவன். நான் இங்க வரவே இல்லன்னு போன் சாட்சி சொல்லணும்னு விட்டுட்டு வந்தவன்."

ஜெப்ரி நாற்காலியில் அசைந்தான்.

"வாசல் பூட்டு உடையல. சாவி இருக்கிறது நாலு பேர்கிட்ட. ரீனா ஆஸ்பத்திரில பயிற்சியில இருந்தாங்க. பானுமதி அம்மாவும் ஆறுமுகத்தாயும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு இருந்தாங்க. மிச்சம் நீங்க ஒருத்தர்தான், ஜெப்ரி."

"என் போன் குர்லாவுல இருந்துச்சு மேடம்."

"இருந்துச்சு. அதனாலதான் உங்ககிட்ட டார்ச் இல்ல. அது இருந்திருந்தா நீங்க திரையத் தொட்டிருக்கவே மாட்டீங்க, எனக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. லைட்டர், மெழுகுவர்த்தின்னு தேடறதவிட இழுத்தா வர்ற திரை சுலபமா இருந்துச்சு. உங்க மனைவி அலைஞ்சு திரிஞ்சு போட்ட அந்தத் திரையில எந்தப் பக்கம் உள்ளன்னுகூட நீங்க பாத்ததில்ல."

"யூகம்" என்றான் ஜெப்ரி.

"பத்து மணிக்கு பேங்க்குக்குப் போறேன்னு ஜமால்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பினீங்க. பன்னெண்டுக்குத் திரும்பினீங்க. உங்க போன் மேஜை மேல அடிச்சுட்டே இருந்துச்சு, ரீனான்னு பேர் வந்துச்சுன்னு அவரே சொல்றார். வேலை செய்யற இடத்துல உங்க பேர்ல ஒரு லாக்கர் இருக்கு. ஜமால் அதுக்கு முன்னால ஆள் நிறுத்தியிருக்கார். நீங்களே திறக்கிறீங்களா, நாங்க திறக்கட்டுமா?"

வெளியே ஏதோ வண்டி விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஜெப்ரி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"சங்கிலிய வித்துக்கலாம்னு எடுத்தியா?" என்று ரீனா கேட்டாள். அவளுக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

"சங்கிலிக்காக வந்திருந்தா கண்ணாடிக்குக் கீழ கிடந்த கம்மலையும் எடுத்திருப்பார்" என்றாள் கலைச்செல்வி. "வெளிச்சத்துல அது பளிச்சுன்னு தெரியும். அவர் வந்தது ஃபைலுக்கு. நீங்க இடத்த மாத்தினது தெரியாம மூணு தட்டையும் கலைச்சார். சங்கிலி, திருடன் வந்த மாதிரி காட்டறதுக்கு."

ஜெப்ரி தலையை நிமிர்த்தாமலே பேசினான். "கிழிக்கல. பத்திரமாத்தான் வச்சிருக்கேன். இந்தத் தேதி மட்டும் போகட்டும்னு நினைச்சேன். நீ போனா திரும்பி வர மாட்டே. உன் கூட வேலை பாத்த எல்லாரும் அப்படித்தானே போனாங்க. அவங்க வீட்டுக்காரங்க போன் ஸ்கிரீனைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்காங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நின்னிருப்பியா?"

ரீனா அவன் பக்கம் திரும்பினாள். "தெரியல. ஆனா அக்காவ ஜீப்புல ஏத்தினாங்கன்னு போன் வந்ததும் காலைல உன்கிட்டதான் சொன்னேன். நீ டீ குடிச்சுட்டு இருந்தே."

லாக்கரில் சங்கிலிப் பையோடு ஃபைல் முழுசாக இருந்தது. சாட்சிப் பொருள் என்று ஷிர்கே அதை இழுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தார். நாளைக் காலை அது இல்லாவிட்டால் புகார் கொடுத்தவளுக்கே நஷ்டம் என்று கலைச்செல்வி அவரோடு வாதாடி, நகலெடுத்துக்கொண்டு, அன்று மாலைக்குள்ளேயே ரீனா கையில் கொடுக்க வைத்தாள். அதற்குள் அவளுக்குக் குரலே கம்மிவிட்டது.

ஆறுமுகத்தாயை வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். அவள் போகவில்லை.

"எப்படிப் போவ?" என்றாள். "காலம்பற ஜீப்புல கூட்டிட்டு வந்தீய. இப்ப நான் பாட்டுக்குப் பஸ்ஸுல போயி எறங்குனா, விட்டுட்டாவன்னு சொல்லுவாவ. களவாணி இல்லன்னு யாரு சொல்லுவா? நான் சொன்னா எடுபடுமா?"

ஷிர்கே தண்ணீர் குடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கலைச்செல்வி ஜீப் சாவியை எடுத்தாள். கதவருகே ரீனா அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டாள்.

தாராவியில் பெரிய சாலையிலேயே ஜீப்பை நிறுத்த வேண்டியிருந்தது. மூவரும் சந்துக்குள் நடந்தார்கள். சாயங்காலத் தண்ணீருக்குக் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சீருடையைப் பார்த்ததும் ஒரு தையல் பட்டறையில் மிஷின் ஓசைகூட நின்றது. ஆறுமுகத்தாயின் மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

கலைச்செல்வி குழாயடியில் நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ரீனா முன்னால் வந்துவிட்டாள்.

"போலீஸ்ல புகார் குடுத்தது நான்தான்" என்றாள். குரல் கடைசிக் குடம் வரை கேட்டது. "அக்கா எதையும் எடுக்கல. எடுத்தது என் வீட்டுக்காரர். அவரை இப்ப ஸ்டேஷன்ல உட்கார வச்சிருக்காங்க. அக்காவ ஜீப்புல ஏத்தினதுக்குக் காரணம் நான்."

"ஆமா" என்றாள் கலைச்செல்வி. "போலீஸும் தப்புப் பண்ணிடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி, ஆறுமுகத்தாய்க்கு இடம் விட்டாள்.

ஆறுமுகத்தாய் மகளிடம் போய் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ரீனாவிடம் திரும்பினாள்.

"நாளையிலருந்து நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன் ரீனாம்மா. கோவத்துல சொல்லல. வர முடியாது, அம்புட்டுத்தான்."

ரீனா தலையை ஆட்டினாள்.

"அந்தச் சீமைக்குப் போறதுன்னா போயிரு" என்றாள் ஆறுமுகத்தாய். "அவன் அழுதான்னு நின்னுராத."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள்.